ஜனவரி மூன்று

பனி விழுந்து தேயிலை கருகிய காலையில் பிறந்தேன்.
கோத்தகிரிப் பங்குச் சாமியார்
நாட்காட்டியில் அன்றைய புனிதரைத் தேடி
அந்தேருஸ் என்று தலையில் தண்ணீர் ஊற்றினார்.
அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை.
அப்பா எஸ்தாக்கி
குடித்த நாட்களில் மட்டும் முழுசாகக் கூப்பிடுவார்.

ரேஷன் அட்டையில் அந்தோணி.
வாக்காளர் பட்டியலில் அந்தோணிசாமி, வயது பதினொன்று கூடுதல்.
திருத்தச் சொல்லிப் போனால்
"அந்தோணிதானே சரி?" என்பார் எழுத்தர்,
பிழை என்னுடையது போல.

யார் அந்த ஆள் என்று ஒருமுறை கேட்டேன்.
புதுச் சாமியார் தடித்த புத்தகத்தைப் புரட்டி
அரைப் பக்கம்கூட இல்லையே என்றார்.
ரோமாபுரியில் பாப்பரசர்.
முன்னவரைச் சுரங்க வேலைக்கு நாடு கடத்த,
அவர் பதவியைத் துறக்க,
இவர் வந்தார்.
நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்று வரை,
நாற்பது நாள் சொச்சம்.
எங்கள் மலையில்
பனிக்குப் பயந்து செடிமேல் மிலாறு போர்த்தி
எடுப்பதற்குள் ஓர் ஆட்சி முடிந்துவிட்டது.

கோவில் கட்டினாரா? தெரியாது.
வெட்டிக் கொன்றார்களா, படுக்கையில் போனாரா?
அதிலும் இரண்டு பேச்சு.
ஒன்றைத்தான் சொல்கிறார்கள்:
விசுவாசத்துக்காகச் செத்தவர்களைப் பற்றிய தாள்களை
எழுதியவர்களிடம் தேடி வாங்கி
கோவிலில் வைத்துக் காத்தாராம்.

நான் எஸ்டேட்டில் மஸ்டர் எழுதுகிறவன்.
சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

போன நவம்பரில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் விடியுமுன்
கீழ் டிவிஷன் ஷெட்மேல் மலை இறங்கியது,
சில்வர் ஓக்கோடு, பாதி ரோட்டோடு.
ஜீப்பில் வந்தவர்கள் எத்தனை என்றார்கள்.
எங்கள் லைனில் பிலோமியும் அவள் மகன் ரெஜிஸும்.
மஸ்டரில் இருந்தார்கள், படிவத்தில் ஏறினார்கள்.
ஷெட்டில் தூங்கியவர்கள் ஜார்க்கண்ட் ஆட்கள்.
கான்ட்ராக்டர் தாளில்
"வடக்கு, ஐந்து பேர்" என்றிருந்தது.
கான்ட்ராக்டர் போன் அணைந்திருந்தது.

தகரத்துக்கடியில் உயிரோடு கிடைத்தவள் சுக்கர்மனி.
எனக்கு இந்தி கொஞ்சம், அவளுக்குத் தமிழ் அதிலும் கொஞ்சம்.
ஆஸ்பத்திரி வராண்டாவில்
மஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கேட்டேன்.
எத்வா. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவனாம்.
சோம்ரா, திங்கள்.
மங்க்ரி, செவ்வாய், பதினாறு வயது.
அவர்களுக்கும் பிறந்த நாளே பெயர்.
நான்காவது பெயரில் அழுதுவிட்டாள்,
எனக்குப் பிடிபடவில்லை.
மறுபடி சொல்லு என்றேன்.
மறுபடி. மறுபடி.
நாக்கு மடிந்து உதறுகிற ஓர் ஒலி,
நம் எழுத்தில் அதற்கு இடமில்லை.
ட-வையும் ர-வையும் நெருக்கி எழுதி
மேலே ஒரு கோடு கிழித்தேன்.
"இதுதானே சரி?" என்று மட்டும் கேட்கவில்லை.

மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார்,
கூலிக் கணக்கில் சேராதாம்.
மஸ்டரையே தூக்கிக்கொண்டு போய்
சாமியாரின் இரும்பு அலமாரியில்
அடக்கப் பதிவேட்டுக்கு அடியில் செருகினேன்.
ஏன் என்று சாமியார் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினார்.
சனிக்கிழமை என் வேலை போனது.

இன்னொன்றும் அந்த அரைப் பக்கத்தில் இருந்தது.
மண்ணுக்கடியில் அவர் கல்லறைக் கல்லைத்
துண்டு துண்டாகக் கண்டெடுத்தார்களாம்.
பெயர் முழுசாக இருக்கிறது.
ஆயர் என்ற பதவிதான்
பாதியில் உடைந்திருக்கிறது.

இன்று எனக்கு முப்பத்தாறு.
அடுத்தவன் தோட்டத்தில் தினக்கூலிக்கு
மிலாறு போர்த்துகிறேன், விரல் மரத்துவிட்டது.
சுக்கர்மனி ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்.
யாரும் பக்கத்தில் இல்லாதபோது
அந்த நான்காவது பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.
வாயிலிருந்து ஆவி வருகிறது.
பெயர் இன்னும் சரியாக வரவில்லை.